தானியத்துக்கு மாறும் செம்மறிக் குட்டிகள்: குடல்நலமும் தீவனச் சேர்க்கைப் பொருட்களும்

மேய்ச்சலில் வளர்ந்த செம்மறிக் கிடாக்குட்டிகளை வாங்கிக் கொட்டிலில் அடைத்து, மக்காச்சோளமும் புண்ணாக்கும் தவிடும் கொடுத்து மூன்று நான்கு மாதத்தில் விற்பது தமிழ்நாட்டில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் நாள் கணக்கிட்டுச் சந்தையில் குட்டி பிடிக்கிறார்கள். மேச்சேரி இனமோ ராமநாதபுரம் வெள்ளை இனமோ, வாங்கும்போது குட்டி 12 முதல் 15 கிலோ இருக்கும். அதுவரை அது தின்றது தாய்ப்பாலும், தரிசுப் புல்லும், வேலியோரத் தழையும்தான். கொட்டிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதன் முன்னால் தானியம் கொட்டப்படுகிறது. வளர்ப்பவருக்கு எடை ஏறவேண்டும் என்ற அவசரம். சுவை கண்ட குட்டியும் தொட்டியை விட்டு நகராது. கழிச்சல், வயிறு உப்புசம், விடிந்து பார்த்தால் செத்துக் கிடக்கும் குட்டி என்று எல்லா இழப்பும் பெரும்பாலும் இந்த முதல் மூன்று வாரத்தில்தான் வருகிறது.

அந்த மூன்று வாரத்தைக் குறிவைத்தே தீவனக் கடைகளில் பொட்டலங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன: ஈஸ்ட், புரோபயாடிக், சோடா உப்பு, நச்சுறிஞ்சி, மூலிகைக் கலவை, கல்லீரல் டானிக். இவற்றில் சில நன்கு சோதிக்கப்பட்டவை, சில அரைகுறையாகச் சோதிக்கப்பட்டவை, சிலவற்றுக்குப் பின்னால் விளம்பரத்தைத் தவிர வேறெதுவும் இல்லை. இந்தக் கேள்வியில் உலகின் பல இடங்களில் எழுபது ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சியைப் படித்தபின் எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சேர்க்கைப் பொருளும் நோய் உருவாகும் பாதையில் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் குறுக்கே நிற்கிறது. எந்த இடத்தில் என்று தெரிந்து வாங்கினால் பலன் உண்டு. ஆனால் நாள் எடுத்துத் தீவனத்தை மாற்றாதவரை இவற்றில் எதுவும் காப்பாற்றாது.

பெருவயிற்றில் நடப்பது

அசைபோடும் விலங்கின் முதல் வயிறான பெருவயிற்றில் தீவனத்தை முதலில் தின்பது ஆடு அல்ல, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். புல்லையும் தட்டையையும் அவை மெதுவாக நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. இந்த அமிலங்களைப் பெருவயிற்றின் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. ஆட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பங்கு இதுவே. புல் தின்னும் ஆட்டின் பெருவயிற்றில் பி.எச். அளவு 6.2-க்கும் 7-க்கும் இடையில் நிற்கும். அதை அங்கே நிறுத்திவைப்பது முக்கியமாக உமிழ்நீர். வளர்ந்த செம்மறி ஒரு நாளில் பல லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. அதிலுள்ள பைகார்பனேட்டும் பாஸ்பேட்டும் அமிலத்தைத் தணிக்கின்றன. அசைபோடும் நேரம் கூடினால் உமிழ்நீரும் கூடும்.

தானியம் வந்தால் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் கெடுகிறது. மாவுச்சத்து வேகமாக நொதிப்பதால் அமிலம் சேரும் வேகம் கூடுகிறது. நார் குறைவதால் அசைபோடுவதும் உமிழ்நீரும் குறைகின்றன. பி.எச். 5.6-க்குக் கீழே சில மணி நேரம் தங்கினாலே நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் தடுமாறத் தொடங்கும். 5-ஐ நெருங்கினால் வேறொரு கூட்டம் மேலெழுகிறது. ராபர்ட் ஹங்கேட்டும் அவருடைய கூட்டாளிகளும் 1952-ல் கார்னெல் வெட்டரினேரியன் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். அவர்கள் எடுத்துக்கொண்ட விலங்கு செம்மறிதான். திடீரென்று தானியம் கிடைத்த ஆட்டின் வயிற்றில் நார் செரிக்கும் பாக்டீரியாவும் புரோட்டோசோவாவும் அழிய, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டியது. அமிலம் அதற்கே தாங்காத அளவுக்கு ஏறியபோது லாக்டோபேசில்லஸ் வகைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் அமிலம் செய்தன.

லாக்டிக் அமிலம் ஏன் இவ்வளவு ஆபத்தானது? வழக்கமான நொதிப்பு அமிலங்களைவிட அது ஏறக்குறைய பத்து மடங்கு வலிமையானது. அதில் டி-வகை என்ற பாதியை விலங்கின் உடல் மிக மெதுவாகவே கரைக்கும், அதனால் அது இரத்தத்தில் தேங்குகிறது. வயிற்றுக்குள் சேரும் அமிலமும் சர்க்கரையும் உடலிலிருந்து நீரை உள்ளே இழுக்கின்றன. குட்டியின் கண் குழிவிழுந்து, தோல் இறுகி, வயிறு மட்டும் தண்ணீர்ப் பையைப்போலத் தளும்புவது இதனால்தான். வெளியே தெரியும் கழிச்சல் இந்த அமில நோயின் கடைசிக் கட்டம்.

இயற்கையில் இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனி, செலினோமோனாஸ் ருமினான்டியம் போன்ற பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைத் தின்று தீங்கு குறைந்த அமிலங்களாக மாற்றிவிடும். ஆனால் இவை வளரும் வேகம் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் வேகத்துக்கு ஈடாகாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாதகமான சூழலில் அரைமணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும். லாக்டிக் அமிலம் தின்னும் கூட்டம் போதுமான அளவு பெருக இரண்டு மூன்று வாரம் தேவை. தானியத்துக்கு மாற்ற 14 முதல் 21 நாள் எடுத்துக்கொள்ளச் சொல்வதன் காரணம் இந்த இடைவெளிதான்.

சுவரும் பின்குடலும்

நுண்ணுயிர்கள் மட்டும் பழகினால் போதாது, வயிற்றுச் சுவரும் பழகவேண்டும். பெருவயிற்றின் உட்புறம் முழுக்கச் சின்னச் சின்ன மொட்டுகளால் நிறைந்திருக்கும். அமிலத்தை உறிஞ்சும் பரப்பு அதுதான். தானியம் தின்னத் தொடங்கியபின், முக்கியமாக பியூட்டிரிக் அமிலத்தின் தூண்டுதலால், இந்த மொட்டுகள் நீண்டு அகலமாகின்றன. இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். மூன்றாம் வாரத்தில் குட்டி நன்றாகத் தின்கிறது, கழிச்சல் இல்லை என்று பார்த்து அளவை ஒரே தாவலில் ஏற்றிவிடுகிறவர்கள் நான்காம் வாரத்தில் ஏமாறுவது இங்கேதான். நுண்ணுயிர் தயாராகிவிட்டது, சுவர் இன்னும் ஆகவில்லை.

சுவர் புண்ணானால் அதன் வழியாக ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா இரத்தத்தில் நுழைந்து கல்லீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். வெளிப்பார்வைக்கு ஆடு நலமாகவே இருக்கும். எடை ஏறுவது மட்டும் குறையும், கசாப்புக் கடையில் கல்லீரல் ஒதுக்கப்படும். குளம்பு அழற்சியும் இதே வழியில் வருவதுதான்.

கடந்த இருபது ஆண்டுகளில் ஆராய்ச்சியின் கவனம் பெருவயிற்றிலிருந்து பின்குடலுக்கு நகர்ந்திருப்பதை நான் மிக முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். பெருவயிற்றில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து சிறுகுடலிலும் முழுதாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே உமிழ்நீர் இல்லை, மாவுமணிகளை விழுங்கி நொதிப்பைத் தாமதப்படுத்தும் புரோட்டோசோவா இல்லை, சுவரும் ஒற்றை அடுக்கு உயிரணுக்களால் ஆனது. பெருவயிற்றுச் சுவரோ பல அடுக்கு கொண்டது. எனவே பெருங்குடலில் அமிலம் கூடினால் சுவர் விரைவில் கசியும்; இறந்த பாக்டீரியாக்களின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் இரத்தத்துக்குள் போய் உடல் முழுக்க அழற்சியைத் தூண்டும்.

கனடாவில் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் காஃபிபூர், பிளெய்சியர் முதலியோர் 2009-ல் கறவைப் பசுக்களில் காட்டிய முடிவு இதில் யோசிக்க வைப்பது. தானியத்தால் பெருவயிற்றின் பி.எச். குறைந்த பசுக்களில் அழற்சி தெரிந்தது. அரைத்த குதிரைமசால் வில்லைகளால் பி.எச். குறைந்த பசுக்களில் அழற்சி தெரியவில்லை. பி.எச். குறைந்தது இரண்டிலும்தான். ஆகவே பெருவயிற்றின் பி.எச்.-ஐ மட்டும் தூக்கிக் காட்டும் ஒரு பொருள் குடலைக் காத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. சேர்க்கைப் பொருட்களின் விளம்பரங்களில் பெரும்பாலானவை அந்த ஓர் எண்ணோடு நின்றுவிடுகின்றன.

எந்தத் தானியம், எந்த வடிவில்

சேர்க்கைப் பொருட்களைப் பார்க்குமுன் தானியத்தையே பார்த்தாகவேண்டும், ஏனென்றால் இங்கே செய்யும் தேர்வு பல பொட்டலங்களின் வேலையைச் செலவில்லாமல் செய்துவிடும்.

கோதுமையும் பார்லியும் பெருவயிற்றில் வேகமாக நொதிப்பவை. மக்காச்சோளத்திலும் சோளத்திலும் மாவுமணிகளைச் சுற்றி ஒரு புரத வலை உண்டு, அதனால் அவை மெதுவாக நொதிக்கும். தமிழ்நாட்டுக்கு இது நல்ல செய்தி. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளம் தொடக்கத்துக்கு ஏற்ற தானியம். வெயில் காலத்தில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொன்சாலெஸ்-ரிவாஸ், டன்ஷி குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், வெப்ப அழுத்தத்தில் இருந்த செம்மறிகளுக்குக் கோதுமைக்குப் பதில் மக்காச்சோளம் கொடுத்தபோது உடல் வெப்பமும் மூச்சிரைப்பும் குறைந்தன. வேகமான நொதிப்பு என்றால் வயிற்றுக்குள் கூடுதல் வெப்பம். வெப்பம் ஏறிய விலங்கின் குடல் சுவர் எளிதில் கசியும். சித்திரை, வைகாசியில் கொட்டில் தொடங்குகிறவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

குருணையும் வேகவைத்த சோறும் நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பவை. வேகவைக்கும்போது மாவுமணிகள் ஊதி வெடித்துவிடுவதால் நுண்ணுயிர்களுக்கு எந்தத் தடையும் இருப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சோறு, கோயில் அன்னதானத்தில் மிஞ்சிய சாம்பார் சாதம், வீட்டில் மிஞ்சிய கஞ்சி ஆகியவை ஒரே இரவில் ஆட்டைக் கொன்றுவிடுவதை நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் காலங்காலமாகப் பார்த்துவருகிறார்கள். மிச்சச் சோற்றை ஆட்டுக்குப் போடுவது வீணாகாமல் இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் நடப்பது. அதனாலேயே அதைத் தடுப்பது கடினம், தடுத்தே ஆகவும் வேண்டும்.

முழுத் தானியமா, அரைத்ததா என்ற கேள்விக்கு ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரின் ரோவெட் ஆய்வு நிலையத்தில் ஓர்ஸ்கோவ் 1970-களில் தெளிவான விடை தந்தார். செம்மறி மாட்டைப்போல அல்ல, தானியத்தை நன்றாக மென்று தின்னும். எனவே அதற்கு அரைத்துக் கொடுக்கவேண்டிய தேவை இல்லை. பார்லியை முழுசாகக் கொடுத்த குட்டிகள் நீண்ட நேரம் அசைபோட்டன, பெருவயிற்றின் பி.எச். மேலே நின்றது. அரைத்து வில்லையாக்கிக் கொடுத்த குட்டிகளில் அமிலம் கூடியதோடு, தோலுக்கு அடியிலிருக்கும் கொழுப்பும் மென்மையாகி இறைச்சியின் தரம் குறைந்தது. நம் ஊரில் மக்காச்சோளத்தை மாவாக இடித்துக் கலப்பதே வழக்கம். இளங்குட்டிக்குப் பெரிய மக்காச்சோளப் பரல் கடினம் என்றால் இரண்டு மூன்றாக உடைத்துக் கொடுக்கலாம். மாவாக்கக் கூடாது. மாவாக்கும் கூலியை மிச்சம் பிடித்தாலே சோடா உப்பு வாங்கும் காசு கிடைத்துவிடும்.

மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிகள் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தாண்டினார்கள். லூபின் என்ற பயறில் புரதமும் நொதிக்கக்கூடிய நாரும் அதிகம், மாவுச்சத்து மிகக் குறைவு. வறண்ட கோடையில் ஆடுகளுக்கு அதைத் தரையில் தூவிக் கொடுத்தாலும் அமில நோய் வருவது அரிது. நம்மிடம் லூபின் இல்லை. ஆனால் கலவையில் மாவுச்சத்தின் ஒரு பகுதியை நாரும் புரதமும் உள்ள பொருளால் மாற்றலாம் என்ற அதே கருத்துக்குப் பருத்திக்கொட்டை, துவரைப் பொட்டு, கடலைக்கொடி எல்லாம் நம்மிடம் உண்டு.

நாள் கணக்கு எளிதானதுதான். 15 கிலோ குட்டிக்கு முதல் நாள் 50 கிராம் தானியம், மூன்று நாளுக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டினால் 19-ஆம் நாளில் 350 கிராம் வரும். அதைக் காலை மாலை என்று இரண்டு வேளையாகப் பிரித்து, சோளத்தட்டையோ கடலைக்கொடியோ முதலில் தின்றபின் கொடுக்கவேண்டும். எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் வாய் வைக்கும் அளவுக்குத் தொட்டி நீளம் வேண்டும். தொட்டி குட்டையானால் நோஞ்சான் குட்டி பட்டினி கிடக்க, முரட்டுக் குட்டி இரண்டு பங்கைத் தின்று விழும். 350 கிராம் என்பது சராசரிதான், எந்தக் குட்டி எவ்வளவு தின்றது என்பதை அது சொல்லாது.

தாயோடு இருக்கும்போதே தானியத்தை அறிமுகப்படுத்துவது இன்னும் நல்லது. ஆஸ்திரேலியாவில் 1980-களில் செய்த ஆய்வுகளில், தாய் தானியம் தின்பதைப் பார்த்துத் தானும் தின்ற குட்டிகள் அதை ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருந்தன. பின்னால் மீண்டும் கொடுத்தபோது உடனே தின்றன. அப்படிப் பழகாத ஆடுகள் தொட்டியைப் பார்த்துப் பல நாள் தயங்கின. குட்டியை வளர்ப்பவரும் கொழுக்கவைப்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும் நம் சந்தை முறையில் இது எளிதல்ல. ஆடு மேய்க்கும் கீதாரிகளிடமிருந்து நேரடியாகக் குட்டி எடுக்கிறவர்கள், பால் மறப்பதற்கு முன் சில வாரம் குட்டிக்குத் தனித் தடுப்பில் கொஞ்சம் தானியம் வைக்க ஏற்பாடு செய்து, அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமான பேரம்.

சோடா உப்பு, சுண்ணாம்பு, களிமண்

சேர்க்கைப் பொருட்களில் மிகப் பழையது சோடியம் பைகார்பனேட், நம் சமையலறைச் சோடா உப்பு. கலவைத் தீவனத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். ராஜஸ்தானில் அவிகாநகரில் உள்ள மத்தியச் செம்மறி மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தில் 2000-களின் தொடக்கத்தில் அடர்தீவனம் அதிகம் தின்ற குட்டிகளில் இதைச் சோதித்தார்கள். பெருவயிற்றின் பி.எச். உயர்ந்து, தீவனம் தின்பதும் வளர்ச்சியும் மேம்பட்டதை அவர்கள் பதிவுசெய்தார்கள். நம் நாட்டுக் குட்டிகளில், நம் நாட்டுத் தீவனத்தோடு செய்யப்பட்ட ஆய்வு என்பதால் எனக்கு இதில் கூடுதல் நம்பிக்கை.

ஆனால் சோடா உப்பு எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு திருத்தம் தேவை. உமிழ்நீர் தானாகவே கொண்டுவரும் பைகார்பனேட்டோடு ஒப்பிட்டால் நாம் சேர்க்கும் சில கிராம் சொற்பம். ஆய்வாளர் ஜேம்ஸ் ரஸ்ஸல் 1993-ல் வேறொரு விளக்கம் தந்தார். சோடியம் தின்ற விலங்கு தண்ணீர் அதிகம் குடிக்கிறது. அந்தத் தண்ணீர் பெருவயிற்றிலிருந்து மாவுச்சத்தைச் சீக்கிரம் கீழே தள்ளிவிடுவதால் அங்கே நொதிப்பு குறைகிறது. இதை ஏற்றால் இரண்டு விஷயங்கள் புரிகின்றன. தண்ணீர்த் தொட்டி காய்ந்து கிடக்கும் கொட்டிலில் சோடா உப்புக்குப் பாதிப் பலன்தான். அதோடு, கீழே தள்ளப்பட்ட மாவுச்சத்து பின்குடலுக்குப் போய்ச் சேரக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

சுண்ணாம்புத் தூளை அமிலத் தணிப்பானாக விற்பது தவறு. பெருவயிற்றின் பி.எச். நிலையில் அது மிகக் குறைவாகவே கரையும். ஆனாலும் அதைச் சேர்த்தே ஆகவேண்டும், காரணம் கால்சியம். மக்காச்சோளத்தில் கால்சியம் 0.03 சதவீத அளவில்தான் இருக்கிறது, பாஸ்பரஸ் அதைப்போலப் பத்து மடங்கு. கலவையில் 1 முதல் 1.5 சதவீதம் சுண்ணாம்புத் தூளும் 1 சதவீதம் சாதா உப்பும் சேர்ப்பது மலிவான, நிச்சயமான பலன் தரும் செலவு. பென்டோனைட் களிமண்ணை 2 சதவீத அளவில் ஆஸ்திரேலியாவில் தொடக்க வாரங்களில் சேர்க்கிறார்கள். அது நொதிப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்ஸின் நச்சையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரம் காயாத மக்காச்சோளம் வாங்க நேர்கிறவர்களுக்கு இது உதவும். பூசணம் பிடித்த தானியத்தை வாங்காமலிருப்பது இன்னும் உதவும்.

மொனென்சினும் விர்ஜினியாமைசினும்

ஸ்ட்ரெப்டோமைசிஸ் சின்னமோனென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து கிடைத்த மொனென்சின் பற்றி 1967-ல் அறிவிப்பு வந்தது. முதலில் கோழிகளின் இரத்தக் கழிச்சலுக்கு மருந்தானது. 1970-களின் நடுவில் அமெரிக்காவில் மாட்டுத் தீவனத்துக்கு வந்தது. ஒரே உறையுள்ள பாக்டீரியாக்களின் சவ்வில் புகுந்து உப்புகளின் சமநிலையைக் குலைக்கும் பொருள் இது. லாக்டிக் அமிலம் செய்யும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் லாக்டோபேசில்லஸும் இதில் அடிபடும். அதைத் தின்னும் மெகாஸ்ஃபேராவும் செலினோமோனாஸும் தப்பிவிடும். இதைவிட நுட்பமான ஒரு பலனும் உண்டு. இது சேர்ந்த தீவனத்தை விலங்கு ஒரே மூச்சில் விழுங்காமல் சிறிது சிறிதாகப் பல தடவை தின்கிறது. குட்டிகளுக்கு இடமாற்ற வாரங்களில் வரும் இரத்தக் கழிச்சலையும் அது அடக்குகிறது. கொட்டிலில் நெருக்கமாக அடைக்கப்படும் குட்டிகளில் எனக்கு இந்தப் பயனே பெரிதாகப் படுகிறது.

ஆபத்தும் அதே அளவு. குதிரைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராமே உயிரைக் குடிக்கும் அளவு. செம்மறி அதைவிடத் தாங்கும் என்றாலும் கைப்பிடி அளவில் கலப்பவரின் தவறை அது பொறுக்காது. கலவை சீராக இல்லாமல் ஒரு மூலையில் திரண்டிருந்தால் அந்த மூலையைத் தின்ற குட்டியின் இதயத் தசை கெட்டுவிடும். மொனென்சின் செம்மறியின் உடலில் தாமிரம் சேர்வதையும் கூட்டுகிறது. செம்மறிக்குத் தாமிரம் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாது, கல்லீரலில் மெல்ல மெல்லச் சேர்ந்து ஒருநாள் இரத்தத்தைச் சிதைத்துவிடும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையும் கோழித் தீவனமும் செம்மறிக்கு ஆகாது என்று சொல்வதன் காரணமும் இந்தத் தாமிரம்தான். எந்திரக் கலப்பான் இல்லாத, எடை பார்க்க மில்லிகிராம் தராசு இல்லாத கொட்டிலில் மொனென்சினைக் கையால் கலக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விர்ஜினியாமைசின் என்ற எதிருயிரி வேறு கதை. ஜேம்ஸ் ரோவும் அவருடைய மேற்கு ஆஸ்திரேலியக் கூட்டாளிகளும் 1990-களில் செய்த ஆய்வுகளில், பழகாத செம்மறிகளுக்குத் திடீரெனக் கோதுமை கொடுத்தபோதும் இது அமில நோயை நன்றாகத் தடுத்தது. பெருவயிற்றோடு நில்லாமல் பின்குடலிலும் லாக்டிக் நொதிப்பை அடக்கியது. ஆற்றலை மட்டும் வைத்துப் பார்த்தால் இதற்கு இணையான சேர்க்கைப் பொருள் இன்றுவரை இல்லை. ஆனால் இது மனிதர்களுக்குக் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோகிராமின் வகை மருந்துகளின் நெருங்கிய உறவு. வேறு மருந்துக்கு அடங்காத எண்டரோகாக்கஸ் தொற்றுக்கு மருத்துவமனையில் வைத்திருந்த ஆயுதம் அந்த வகை. பண்ணையில் தினம் தினம் சிறிதளவு கொடுத்தால் எதிர்ப்பாற்றல் பெற்ற பாக்டீரியா உருவாகி அந்த ஆயுதம் மழுங்கும். ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காகத் தீவனத்தில் எதிருயிரி சேர்ப்பதைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1999-ல் விர்ஜினியாமைசினை நிறுத்தியது, 2006 ஜனவரி 1 முதல் மொனென்சின் உட்பட மீதமிருந்த வளர்ச்சி ஊக்க எதிருயிரிகளையும் நிறுத்தியது. இந்தியா 2019-ல் உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டின் என்ற எதிருயிரியைத் தடைசெய்தது. ஒரு குட்டியின் மூன்று வார அவசரத்துக்காக மனிதனுக்கு மிஞ்சியிருக்கும் மருந்தைச் செலவழிப்பது ஏற்க முடியாதது. அந்த மூன்று வாரத்தைத் தட்டையும் பொறுமையும் கொண்டே கடக்க முடியும்போது அதற்கு எந்த நியாயமும் இல்லை.

உயிருள்ள சேர்க்கைகள்

எதிருயிரிகள் பின்வாங்கிய இடத்தை நிரப்ப வந்தவை ஈஸ்டும் நல்ல பாக்டீரியாக்களும். சாக்கரோமைசிஸ் செரவிசியே என்ற ஈஸ்ட், தீவனத்தோடு பெருவயிற்றுக்குள் போகும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. காற்றில்லாத சூழலை விரும்பும் நார் செரிப்பான்களுக்கு அது சாதகம். லாக்டிக் அமிலம் தின்னும் பாக்டீரியாக்களுக்குத் தேவையான வைட்டமின்களையும் அமினோ அமிலங்களையும் தருகிறது, சர்க்கரைக்காக ஸ்ட்ரெப்டோகாக்கஸோடு போட்டி போடுகிறது. கேட்க எல்லாம் நன்றாக இருக்கிறது. எண்ணைப் பாருங்கள்: அசைபோடும் விலங்குகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் தெனாயே குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வில் ஈஸ்டால் பெருவயிற்றின் பி.எச். சராசரியாக உயர்ந்தது 0.03 மட்டுமே. லாக்டிக் அமிலம் சற்றுக் குறைந்தது. சராசரி சிறியதாக இருப்பது, பல ஆய்வுகளில் விலங்குகள் ஏற்கெனவே நலமாக இருந்ததாலும் இருக்கலாம். அழுத்தத்தில் உள்ள விலங்குகளில் பலன் கூடுதலாகத் தெரிகிறது. ஈஸ்டை நான் மறுக்கவில்லை. மெதுவாக மாற்றும் திட்டத்துக்குத் துணையாக, தொடக்க ஒரு மாதத்துக்குக் கொடுக்கலாம். ஆனால் அது உயிரோடு இருக்கவேண்டும். தகரக் கூரைக்கடியில் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த பொட்டலத்தில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கும் என்று வாங்குபவர் கேட்கவேண்டும். உற்பத்தி நாளும், கிராமுக்கு எத்தனை உயிரணு என்ற எண்ணும் அச்சிடாத பொட்டலத்தைத் தொடவேண்டாம்.

மெகாஸ்ஃபேரா எல்ஸ்டெனியை நேரடியாகவே கொடுத்தால் என்ன? 1956-ல் எல்ஸ்டனும் கூட்டாளிகளும் விவரித்த இந்தப் பாக்டீரியா செம்மறியின் பெருவயிற்றிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் தேர்ந்தெடுத்த ஒரு வகையை, தானியம் தொடங்கும் நாளில் ஒரே ஒருமுறை வாய்வழி ஊற்றும் முறை வணிகத்துக்கு வந்திருக்கிறது. நோயின் காரணத்தையே குறிவைக்கும் யோசனை என்பதால் எல்லாச் சேர்க்கைப் பொருட்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காற்றுப் பட்டால் செத்துவிடும் பாக்டீரியா என்பதால் சந்தைக்குக் கொண்டுவருவது செலவு பிடிக்கும் வேலை. இதன் எளிய வடிவத்தைக் கிராமத்து மருத்துவர்கள் அறிவார்கள்: நலமான ஆட்டின் பெருவயிற்று நீரை எடுத்து நோயுற்றதற்கு ஊற்றுவது.

டேனின், சபோனின், வாசனை எண்ணெய்கள் போன்ற தாவரப் பொருட்களைப் பற்றி நிறைய எழுதப்படுகிறது. பூண்டு, பட்டை, கிராம்பு எண்ணெய்கள் ஆய்வுக்கூடக் குடுவையில் நொதிப்பை மாற்றுகின்றன. அந்த அளவை விலங்கில் கொண்டுவந்தால் தீவனத்தை அது முகர்ந்துவிட்டுப் போய்விடும், அளவைக் குறைத்தால் பலன் குறையும். டேனின் புரதத்தைக் காப்பதில் உதவும், அமில நோயைத் தடுப்பதற்கான சான்று பலவீனம். கருவேலங்காயும் கருவேல இலையும் ஆடு விரும்பித் தின்பதற்குக் காரணங்கள் உண்டு, ஆனால் அவற்றைப் பொடித்துப் பொட்டலமாக்கி மருந்து விலைக்கு விற்பதற்கு இன்னும் தகுதி வரவில்லை.

கல்லடைப்பும் துள்ளுமாரியும்

அமில நோயைத் தாண்டிய குட்டிக்கு அடுத்த இடர் சிறுநீர்க் கல்லடைப்பு. இது கிடாய்களின் நோய். சிறுநீர்க்குழாயின் முனை குறுகலாக இருப்பதால் மணல் போன்ற பாஸ்பேட் கற்கள் அங்கே அடைத்துக்கொள்ளும். தானியத்தில் பாஸ்பரஸ் அதிகம் என்று முன்பே சொன்னேன். அரிசித் தவிட்டில் அது இன்னும் பல மடங்கு. மலிவாகக் கிடைக்கிறதென்று தவிட்டை அள்ளிப் போடும் நம் கொட்டில்களில் இது எளிதில் வரும். கால்சியமும் பாஸ்பரஸும் 2-க்கு 1 என்ற விகிதத்தில் நிற்கவேண்டும். அதற்காகவும்தான் சுண்ணாம்புத் தூள். சிறுநீரை அமிலமாக்கிக் கல்லைக் கரைநிலையில் வைக்க அம்மோனியம் குளோரைடை 0.5 முதல் 1 சதவீதம் சேர்க்கிறார்கள்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். சோடா உப்பு சிறுநீரைக் காரமாக்கும், அம்மோனியம் குளோரைடு அமிலமாக்கும். இரண்டையும் ஒரே மூட்டையில் கலந்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுக்கும். காரச் சிறுநீரில் பாஸ்பேட் கல் எளிதில் படியும் என்பதால் கிடாய்களுக்கு மாதக்கணக்கில் சோடா உப்பு கொடுப்பதும் நல்லதல்ல. என் பரிந்துரை இது: சோடா உப்பைத் தொடக்க மூன்று நான்கு வாரத்தோடு நிறுத்திவிட்டு, பிறகு தேவையானால் அம்மோனியம் குளோரைடுக்கு மாறுங்கள். சாதா உப்பும் நல்ல தண்ணீரும் முதலிலிருந்து கடைசிவரை இருக்கட்டும்.

தானிய வாரங்களில் வரும் திடீர்ச் சாவுகளில் ஒரு பகுதி அமில நோயே அல்ல, துள்ளுமாரி. குடலில் சாதாரணமாகவே கொஞ்சம் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் டி-வகைப் பாக்டீரியா, செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு வந்துசேரும்போது பெருகி எப்சிலான் நச்சை உண்டாக்குகிறது. பட்டியில் நன்றாகத் தின்று வேகமாக வளரும் குட்டியே முதலில் சாகும். துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஈஸ்டோ சோடா உப்போ இந்த நச்சைத் தடுக்காது. தடுப்பது தடுப்பூசி. ராணிப்பேட்டையில் 1932-லிருந்து இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதைத் தயாரிக்கிறது, விலையும் எந்தப் பொட்டலத்தையும்விடக் குறைவு. பருவமழைக்கு முன் போடுவது என்ற வழக்கம் மேயும் ஆட்டுக்குச் சரி. கொட்டில் குட்டிக்குக் கணக்கு வேறு, அதற்கு மழைக்காலத்தைவிடத் தானியம் தொடங்கும் நாளே ஆபத்தான காலம். சந்தையில் வாங்கிய குட்டிக்கு முன்பு ஊசி போட்டார்களா என்பது யாருக்கும் தெரியாது, போடவில்லை என்றே வைத்துக்கொள்ளவேண்டும். வந்து இறங்கிய வாரத்தில் முதல் ஊசி, இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் பத்து நாளாவது இடைவெளி. அதுவரை குட்டி தட்டையும் தழையும் தின்றபடி, நாளுக்கு 50, 100 கிராம் தானியத்தோடு இருக்கட்டும். 350 கிராமை நோக்கி ஏற்றுவதை அந்த நாளிலிருந்து தொடங்கலாம்.